கண்ணாடிக் கதவுக்கு ஒரு சொல்

ருவியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாவது சந்தில் எங்கள் டைப்பிங் சென்டர்.
பொதுமன்னிப்பு முடிய இன்னும் பதினோரு நாள்.
தமிழிலும் ஒன்று எழுதிக் கதவில் ஒட்டு என்றார் முதலாளி.
அரபியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி,
இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரே சொல்:
கலைந்து கிடப்பதை நேராக்கி
மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போக வைப்பதற்கு.

ஒழுங்கு என்று எழுதினேன்.
"ஒழுங்கா இரு" என்று
யாரோ பல்லைக் கடிப்பது கேட்டது. அடித்துவிட்டேன்.

சீர், நல்ல சொல்தான்.
ஆனால் அதன் பின்னாலேயே அண்டா, குத்துவிளக்கு, பீரோ எல்லாம்
வேன் பிடித்து வந்து இறங்குகின்றன.
உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர்
அந்தக் கடனுக்குத்தான் இங்கே வந்தவர்கள்.

முறை, எழுதும்போதே முறைக்கிறது.
வரிசை ஏற்கெனவே வெளியே நிற்கிறது:
ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கிவிட
அவரவர் இடத்தில் செருப்புகள் மட்டும்,
வெயிலில், ஒன்றன்பின் ஒன்றாக.
செம்மை என்றால் யாருக்கும் புரியாது.
தரப்படுத்திய என்றால் மிளகாய்த்தூள்.

வரன்முறை.
சர்க்காரே சொல்கிற சொல், பிசகில்லாதது.
எங்கள் ஊரில் ஏரிக்குள் போட்ட மனைகளை
அந்தச் சொல்லை வைத்துத்தான் பட்டாவாக்கினார்கள்.
ஐப்பசி மழைக்கு ஏரி அதை ஒத்துக்கொள்வதில்லை.

டோக்கன் நாற்பத்தேழு.
சந்தனமாரி, த/பெ வெள்ளைப்பாண்டி.
பாஸ்போர்ட்டில் மாரி, பழைய விசாவில் மேரி,
ஆஸ்பத்திரிச் சீட்டில் வெறும் சந்தனா.
அரபிக்குப் போனதும் அப்பா
ஃபில்லாபந்தி ஆகிவிடுகிறார்.
கவுண்டரில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால்
அவள்தான் எழுந்து போக வேண்டும்.

பிறந்த தேதி ஜூன் ஐந்து.
"அது ஹெட்மாஸ்டர் வச்சது சார்,
நான் பொறந்தது கார்த்திகையில, அடைமழையில."
ஆக, ஒண்ணாம் வகுப்பு வாசலிலேயே
ஒரு தடவை நடந்திருக்கிறது இது.

பர்க்காவில் ஒரு வீட்டை விட்டு இரவில் இறங்கி
நாலு வருஷம். இப்போது ஹம்ரியாவில்
பதினாறு அறைகளுக்குத் துணி துவைக்கிறாள்.
மூன்று பேரை ஒருத்தியாக்க
எனக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது.
வெள்ளைப் பின்னணியில் போட்டோ, ஓரம் வெட்டி.
ஏசியின் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது,
அது மட்டும் ஒரு கணக்கில்லாமல்.

அடித்துத் திருத்திய தாளைக் காட்டிக் கேட்டேன்,
இதில் எது சரியாக இருக்கும்?
மேலிருந்து கீழ்வரை ஒருதரம் படித்தாள்.
"எதை வேணா போடுங்க.
நாங்க பாக்குறது எத்தன ரியால், எத்தன மணிக்குங்கறத மட்டுந்தான்."

சாயங்காலம் திரும்பி வந்தாள்.
கைரேகை மிஷின் அஞ்சு தடவையும் சிவப்பாம்.
"கோடு கோடா இருக்கணுமாம், எனக்கு எல்லாம் அழிஞ்சிருக்காம்."
பத்து விரலையும் கவுண்டர் மேல் விரித்துக் காட்டினாள்.
குழாய்க்கடியில் கிடந்த கூழாங்கல் மாதிரி
வழவழவென்று, ப்ளீச் வாடையோடு.
"எட்டு நாள் தண்ணியே படாம வச்சிருந்து வரச் சொல்றான்."
எட்டு நாள் என்று நான் சொன்னேன்.
பதினாறு ரூம் என்று அவள் சொன்னாள்.
பிறகு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ரோட்டைக் கடந்துவிட்டாள்.

கடை சாத்தும் நேரத்தில் ஒட்டினேன்:
உங்கள் குடியிருப்பு நிலையை, பிறகு கொஞ்சம் வெற்றிடம்,
பிறகு, கொள்ள உள்ளே வரவும்.
விடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
விடிந்தபோது அந்த இடத்தில்
நீல பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்:
கட்டில் ஒன்று காலி. மேல் கட்டில்.
தமிழ் ஆட்கள் மட்டும். தண்ணீர் தனி.